மடிக்கணினி உறைந்தால் மனம் உறைய வேண்டா

சென்ற வைகாசி மாதத்தில் ஒரு நண்பகல், தில்லியில் எம் இல்லத்து மடிக்கணினி திடீரென அசைவற்று நின்றது. திரையில் எழுத்துகள் இருந்தன, சுட்டி நகரவில்லை, எவ்விசைக்கும் மறுமொழி இல்லை. ஒரே வாரத்தில் இது நான்காம் முறை. பழுதுபார்க்கும் கடையிலோ, “உள்ளிருப்பவற்றை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றினால் சரியாகிவிடும்” என்றனர்.

உடன்படும் தறுவாயில்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து என் அன்னையார் இங்கு வந்து தங்கியபோது பேரனுக்குப் பாடிய தாலாட்டுகள் பதினொன்று அதனுள் இருந்தன. அவர் இன்றில்லை. அப்பதிவுகளுக்கு வேறு படியும் இல்லை. கணினியைத் திரும்ப எடுத்து வந்தேன். பின்னர், பொறியியல் பயிலும் அண்டை வீட்டு இளைஞர் துணையுடன் கற்றறிந்தவற்றை அன்பர்கட்குப் பயன்படுமென இங்கே எழுதுகிறேன்.

கணினி உறைந்தவுடன் பதற்றத்தில் அணைத்துவிடலாகாது. இரண்டொரு நிமிடம் பொறுத்தல் நன்று. பிறகு, சிறு விளக்குள்ள கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். விளக்கு மாறி மாறி எரிந்து அணையுமாயின் கணினி பெரும்பாலும் விழிப்புடன்தான் இருக்கிறது. ஏதேனும் ஒரு செயலி மட்டுமே சிக்கியிருக்கக்கூடும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிக்கிய செயலியை அதிலே முடித்துவிடலாம். எதற்கும் அசையாவிடில் மட்டுமே, மின்விசையைப் பத்து விநாடியளவு அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். சேமிக்காத எழுத்து அப்போது போய்விடும். சேமித்தவை பெரும்பாலும் தங்கும்.

மீண்டும் இயங்கியதும் செய்ய வேண்டிய முதற்பணி பழுது தேடுவதன்று, படி எடுப்பது. புகைப்படம், பதிவு, சான்றிதழ், பிள்ளைகளின் பாடம் ஆகியவற்றை வெளி வன்தட்டிலோ பென் டிரைவிலோ உடனே படியெடுத்து வையுங்கள். நோய் இன்னதென்று அறியுமுன் செல்வத்தைப் பாதுகாத்தல் அறிவுடைமை.

அதன்பின் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கலாம்.

முதலாவது வெப்பம். நிறுவனங்கள் பல, மடிக்கணினி இயங்கும் சூழலுக்கு 35 பாகை செல்சியசையே மேல் எல்லையாகக் குறிக்கின்றன. தில்லிக் கோடையோ 40 பாகையை எளிதில் கடப்பது. புழுதிக் காற்று விசிறியின் வாயை அடைக்கும். மெத்தைமீதும் தலையணைமீதும் வைத்து இயக்கினால் அடிப்புறத்துக் காற்றுவழியும் அடைபடும். மேசைமேல் வையுங்கள், தூசியை நீக்கச் செய்யுங்கள். அடிப்பகுதி புடைத்துக் காணப்பட்டால் அது மின்கலம் உப்பியதன் அறிகுறியாகலாம். உடனே பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும். அது தீப்பற்றக்கூடிய பொருள்.

இரண்டாவது நினைவகப் பற்றாக்குறை. 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் இருபது பக்கங்களைத் திறந்துவைத்துக்கொண்டே காணொளி வகுப்பும் நடத்தினால் அது திணறும். ரேம் நிறைந்ததும் கணினி வன்தட்டையே நினைவகம்போல் பயன்படுத்தத் தொடங்கும். வன்தட்டின் வேகம் அதற்குப் போதாது. வேண்டாதவற்றை மூடுங்கள், இயலுமாயின் ரேமை 8 ஜிபி ஆக்குங்கள்.

மூன்றாவது மென்பொருள். வைரஸ் தடுப்பான் இரண்டு ஒரே கணினியில் இருப்பின் ஒன்றோடொன்று மோதும். சேப் மோடில் தொடங்கிப் பாருங்கள். அங்கு உறையாமல் இயங்கினால், பிழை கருவியில் இருப்பதைவிடப் பின்னர் நிறுவிய ஏதேனும் ஒரு செயலியிலோ டிரைவரிலோ இருக்கவே வாய்ப்பு மிகுதி. மேலும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்காவது வன்தட்டு. டாஸ்க் மேனேஜரில் வேறு வேலை ஏதுமின்றி டிஸ்க் என்னும் பகுதி நெடுநேரம் 100 விழுக்காட்டில் நிற்பதும், உள்ளிருந்து ‘டிக் டிக்’ என ஒலி எழுவதும், கோப்புகள் திறக்கத் தாமதிப்பதும் வன்தட்டு தேய்ந்ததன் அடையாளங்களாகலாம். இந்நிலையில் சோதனைகளை மேன்மேலும் ஓட்டுதல் நலிந்தவனைச் சுமை தூக்கச் செய்வதை ஒக்கும்.

எம் கணினியின் நோய் இந்நான்காவதே. விசிறியைத் தூய்மை செய்தும் அது உறைந்தது. டிஸ்க் எண்ணோ 100-ஐவிட்டு இறங்கவில்லை. விடியற்காலைக் குளிர்ச்சியில், ஒவ்வொரு கோப்பாக, மூன்று நாள் முயன்று படியெடுத்தோம். பதினொரு தாலாட்டுகளில் பத்துக் கிட்டின. ஒன்று மீளவே இல்லை. பிறகு எஸ்எஸ்டி வட்டு ஒன்றைப் பொருத்தினோம். பழைய கணினி இப்போது தடையின்றி இயங்குகிறது.

அந்தப் பதினொன்றாவது பாடலை என் மகன் இனிக் கேட்கப் போவதில்லை. ஊரை விட்டு வந்து வாழும் நம்மிடம் முதியோரின் குரலும் முகமும் இத்தகைய பெட்டிகளிலேதான் தங்கியுள்ளன. ஆகையால் அன்பர்களே, உங்கள் கணினி நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் இன்றைக்கே ஒரு படி எடுத்துவிடுங்கள். அப்படியை ஊரிலுள்ள உடன்பிறந்தார் வீட்டிலும் ஒன்று வைத்தால் இன்னும் நலம்.