பழைய கிணற்றைத் தூர் வாரப் போறீங்களா? உள்ளே இறங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

கோடை விடுமுறை வந்துவிட்டால், தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் தோட்டத்துக் கிணறுதான் பிள்ளைகளுக்கு நீச்சல் குளம். முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு அதில் நீச்சல் பழகியவர்கள் ஏராளம். போர்வெல் வந்த பிறகு பல கிணறுகள் முள்செடி மண்டி, குப்பை விழுந்து கிடக்கின்றன.

'தாத்தா வெட்டிய கிணறு, சரி பண்ணிடலாம்' என்று நினைப்பவர்கள், செலவுக் கணக்கு போடும் முன் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கிணற்றுக்குள் இருக்கும் காற்று!

உள்ளே இருக்கும் காற்றில் என்ன ஆபத்து?

நாம் சுவாசிக்கும் காற்றில் சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன். இது 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே அந்த இடம் ஆபத்தானது. பல வருடம் பயன்படாத கிணற்றில் இலை, தழை, செத்த உயிரினங்கள் எல்லாம் அழுகும்போது ஆக்சிஜன் குறையும். கார்பன் டை ஆக்சைடு கூடும். இது காற்றைவிட சுமார் ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் மேலே வராமல் அடியிலேயே தங்கிவிடும்.

சேற்றைக் கிளறும்போது ஹைட்ரஜன் சல்பைடும் வெளியேறலாம். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'வாசனை போயிடுச்சு, இறங்கலாம்' என்று நினைப்பது இதனால்தான் ஆபத்து.

8 பேர் உயிரைப் பறித்த கிணறு

மத்தியப் பிரதேசம், கண்ட்வா மாவட்டம், கொண்டாவத் கிராமத்தில் 2025 ஏப்ரல் 3 அன்று, திருவிழாவுக்காகப் பழைய கிணற்றைச் சுத்தம் செய்ய முயன்றபோது 8 பேர் உயிரிழந்தனர். உள்ளே சிக்கியவரைக் காப்பாற்ற மற்றவர்கள் அடுத்தடுத்து இறங்கியதுதான் உயிரிழப்பு கூடக் காரணம். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில், மகாராஷ்டிராவின் அகமதுநகர் மாவட்டத்தில், சாண எரிவாயுக் குழியாகப் பயன்பட்ட பழைய கிணற்றில் விழுந்த பூனையை மீட்க இறங்கி 5 பேர் இறந்தனர்.

விளக்கு இறக்கிப் பார்த்தால் போதாதா?

போதாது. விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் இல்லை என்பது உறுதி, இறங்கவே கூடாது. ஆனால் விளக்கு எரிந்தால் பாதுகாப்பு என்று அர்த்தம் இல்லை. மனிதனுக்கு ஆபத்தான அளவுக்கு ஆக்சிஜன் குறைந்த பிறகும் சுடர் எரியும். விஷவாயுவையும் அது காட்டாது.

வாயு அளக்கும் கருவியால் மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். புளோயரில் குழாய் மாட்டி அடிவரை நல்ல காற்றைச் செலுத்த வேண்டும். இறங்குபவர் இடுப்பில் பெல்ட்டும் கயிறும் இருக்கணும். மறுமுனையைப் பிடிக்க மேலே ஆள் இருக்கணும். ஆயில் இன்ஜினை மட்டும் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

யாராவது மயங்கி விழுந்தால் பின்னாடியே குதிக்காதீங்க. உடனே 101 அல்லது 112-க்கு அழைத்து, ஆம்புலன்ஸுக்கு 108-ஐயும் கூப்பிடுங்க. தீயணைப்பு வீரர்கள் சுவாசக் கருவியோடு இறங்குவார்கள்.

தண்ணீரை ஒரேயடியாக இறைக்கலாமா?

வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் சுவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். வெளியே மண் ஊறியிருக்கும்போது உள்ளே வேகமாக இறைத்தால், மண்ணின் அழுத்தத்தில் சுவர் சரியலாம். நிலத்தடி நீர் இறங்கியிருக்கும் கோடைதான் தூர் வார ஏற்ற காலம். வீட்டு நீச்சல் குளத்துக்கும் இதே விதிதான். மழைக்காலத்தில் குளத்தை முழுசாகக் காலி செய்தால், அடியிலிருந்து நிலத்தடி நீர் தள்ளி தளம் விரிசல் விடும்.

காரிமங்கலம் பகுதி பாறை பூமி. கிணற்றின் மேல்பகுதி மண், கீழே பாறை. மேல்பகுதிக் கல்கட்டுதான் முதலில் பெயரும். ஆல், அரச மரச் செடிகள் முளைத்திருந்தால் வேரோடு எடுத்து, கல்கட்டைச் சரி செய்த பிறகே கீழே வேலை தொடங்க வேண்டும்.

மேலே ஸ்லாப் போட்டு மூடிவிடலாமா?

2023 மார்ச் 30, ராம நவமி அன்று இந்தூரில் ஒரு கோயிலுக்குள் பழைய படிக்கிணற்றை மூடியிருந்த தளம் இடிந்து 36 பேர் இறந்தனர். கிணறு இருப்பதையே மறக்க வைக்கும் மூடியைவிட, இடுப்பளவுக்குக் குறையாத கைப்பிடிச் சுவரும், அதன்மேல் பூட்டக்கூடிய இரும்பு வலையும் நல்லது. உறுதியான படியும் அவசியம்.

பிளீச்சிங் பவுடர் எவ்வளவு?

வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். சதுரக் கிணறு என்றால் நீளம், அகலம், நீரின் ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி, 28.3-ஆல் பெருக்குங்க, லிட்டர் கணக்கு வந்துவிடும். 15 அடி சதுரக் கிணற்றில் 10 அடி தண்ணீர் என்றால் சுமார் 63,700 லிட்டர், அதாவது 160 கிராம் பவுடர். வாளியில் கரைத்துத் தெளிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலந்து, குறைந்தது 1 மணி நேரம் விட வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கொட்டக் கூடாது.

குடிக்கலாமா?

பரிசோதனை இல்லாமல் கூடாது. ஃபுளோரைடு பிரச்சினைக்காகவே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. பிளீச்சிங் பவுடரும் கொதிக்க வைப்பதும் கிருமியைத்தான் கொல்லும், ஃபுளோரைடை நீக்காது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஏற்றதல்ல.

கடைசியாக ஒன்று. மோட்டார் உள்ள கிணற்றில் பிள்ளைகள் குளிக்கும்போது மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிடுங்க. நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கரையில் இல்லாமல் யாரையும் இறங்க விடாதீங்க.