விட மறுக்கும் பூட்டு

பண்ருட்டிப் பலா ஒன்றை அரிவாள்மனையில் அறுக்காமல், பாக்கெட்டில் இருந்த மடக்குக் கத்தியால் அறுத்தேன். சுளைகளைப் பிரித்து முடித்தபோது அலகு, கைப்பிடி, விரல் எல்லாம் பலாப்பால். மடக்குவதற்காகப் பூட்டுத் தகட்டைக் கட்டைவிரலால் ஒதுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. நகம் வலிக்கும்வரை அழுத்திய பிறகு ‘டக்’கென்று விட்டது. அந்த ‘டக்’தான் ஆபத்து. முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் பூட்டு திடீரென விட்டால், அலகு நேராக விரல்மேல்தான் சாயும்.

என் கத்தி ‘லைனர் லாக்’ வகை. இந்தப் பூட்டுக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் அமெரிக்கக் கத்தி வடிவமைப்பாளர் மைக்கேல் வாக்கர். காலம் 1980களின் தொடக்கம். கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகட்டின் ஒரு கீற்று, வில்போல உள்பக்கம் வளைந்திருக்கும். அலகு முழுதாகத் திறந்ததும் அந்தக் கீற்று அலகின் அடிக்குப் பின்னால் வந்து முட்டுக்கொடுத்து நிற்கும். தனியே சுருள்வில் கிடையாது. தகடே வில், தகடே தாழ்ப்பாள்.

முதலில் பிசினைக் கவனித்தேன். பலாப்பால் தண்ணீரில் கரையாது. அறுப்பதற்கு முன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்ளும் நம் வீட்டு வழக்கத்துக்குக் காரணம் அதுதான். பழைய டூத் பிரஷை மண்ணெண்ணெயில் தொட்டு மூட்டைத் தேய்த்தேன். பழுப்பு நிறப் பிசின் உருண்டைகள் வந்தன. கூடவே பாக்கெட் துணியின் பஞ்சு, மணல். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, அலகு சுழலும் அச்சில் ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். அலகு லேசாகச் சுழன்றது. ஆனால் பூட்டு பழையபடியே கவ்வியது.

ஆக, மிச்சமிருந்த கோளாறு அழுக்கில் இல்லை, கோணத்தில். தகட்டின் நுனி வந்து முட்டும் இடத்தில் அலகின் அடி நேராக இருக்காது. ஏறக்குறைய 8 டிகிரி சரிவாகச் சீவியிருப்பார்கள். நாளடைவில் உலோகம் தேய்ந்தாலும் தகடு இன்னும் சற்று உள்ளே நகர்ந்து இறுகிக்கொள்ளட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. சொல்லப்போனால் அது ஓர் ஆப்பு. மரம் பிளக்க இறக்கிய ஆப்பு ஏன் தானாக வெளியே வருவதில்லை? சரிவின் டேன்ஜென்ட் மதிப்பைவிட உராய்வுக் குணகம் அதிகமாக இருந்தால் ஆப்பு பின்வாங்காது. 8 டிகிரிக்கு அந்த மதிப்பு 0.14. பிசுக்கில்லாத எஃகு எஃகோடு உரசும்போது உராய்வுக் குணகம் 0.5ஐத் தாண்டிவிடும். பூட்டு பிடிக்காமல் என்ன செய்யும்? கத்தியைச் சுண்டித் திறக்கிற பழக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு சுண்டலும் ஆப்பின்மேல் ஓர் அடி. டைட்டானியத் தகடு என்றால் இன்னும் மோசம். அதன் மேலுள்ள ஆக்சைடு படலம் உரிந்ததும், உலோகம் எதிரிலிருக்கும் எஃகோடு அப்பிக்கொள்ளும்.

‘அங்கேயும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போயிற்று’ என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம். பூட்டைப் பிடிக்க வைக்கும் அதே உராய்வுதான் நம் விரலையும் காக்கிறது. எண்ணெய் அதைக் கண்டபடி குறைத்துவிடும். தூசியையும் இழுத்துச் சேர்க்கும். இங்கே தேவை பென்சில். 4பி, 6பி போன்ற மென்மையான பென்சிலில் களிமண் குறைவு, கிராஃபைட் அதிகம். அலகின் அடிச் சரிவில் அதை நான்கைந்து முறை தேய்த்து, உதிர்ந்த தூளைத் துடைத்துவிட்டு, பத்துப் பதினைந்து தடவை நிதானமாகத் திறந்து மூடினேன். தகடு சத்தமில்லாமல் ஒதுங்கியது.

கிராஃபைட் வழுக்குவதற்கு அதிலுள்ள கரியணு அடுக்குகள் மட்டும் காரணமல்ல. காற்றின் ஈரமும் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர்களில், கிராஃபைட் கலந்த கார்பன் பிரஷ்கள் சீக்கிரமே தூளாகிப்போயின. அங்குள்ள வறண்ட காற்றில் நீராவி போதவில்லை என்பது ஆய்வில் தெரிந்தது. நம் கடலோர ஊர்களில் அந்தக் குறை இல்லை. ஆனால் அதே ஈரம் வேறொரு வேலையும் செய்யும்: கிராஃபைட் எஃகோடு சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகித் துருவைக் கூட்டும். அதனால் பூச்சு மெல்லியதாகவே இருக்கட்டும்.

அரம் மட்டும் போடாதீர்கள். சரிவு ஒரு டிகிரி பிசகினாலும் பூட்டு நழுவக்கூடும். தேய்த்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. பென்சில் பூசிய பின், விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கிப் பிடித்து, அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். தகடு துளியும் நகரக்கூடாது. ஏற்கெனவே எதிர்ப்பக்கச் சுவர்வரை போய்விட்ட தகடாக இருந்தால் அது தேய்ந்து முடிந்தது. பென்சிலுக்கு அங்கே வேலையில்லை.

என் கத்தி இப்போது கட்டைவிரலின் சதைக்கே இணங்குகிறது, நகம் தேவைப்படவில்லை. பலாவுக்கு அரிவாள்மனையை எடுக்கிறேன்.