சோதிக்க 2 நிமிடம். அனுப்ப பல நாள்! பச்சைக் குழந்தையின் உயிரைக் காக்கும் காய்ந்த ரத்தம்

குழந்தை பிறந்து ஒரு நாள்தான் ஆகிறது. கொழுகொழுவென்று இருக்கிறது. பால் குடிக்கிறது, தூங்குகிறது. ஆனாலும் நர்சு விடுவதில்லை. குதிகாலில் ஊசியால் ஒரு குத்து! 'வீல்' என்று அலறல். கசியும் ரத்தத்தை உறிஞ்சு காகித அட்டையில் வட்டம் வட்டமாக ஒற்றி எடுத்து, காய வைத்து, சோதனைக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள்.

அமெரிக்காவில் பிறக்கும் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தக் குத்து உண்டு. எதற்காக?

"பி.கே.யூ." என்று ஒரு பரம்பரை நோய். பாலின் புரதத்தில் 'பினைல் அலனின்' என்ற சத்து இருக்கிறது. இந்த நோய் உள்ள குழந்தையின் உடம்பு அதைச் செலவழிக்காது. ரத்தத்தில் தேங்கும் சத்து, மூளையைக் கெடுத்துவிடும். வெளியே தெரியும்போது காரியம் மிஞ்சிவிடும். முன்கூட்டியே கண்டுபிடித்து, பத்தியச் சாப்பாடு கொடுத்தால் மற்ற பிள்ளைகளைப் போலவே வளரும்.

தகப்பனின் வேதனை

வழி கண்டவர் நியூயார்க் மாநிலம் பப்பலோ நகரின் டாக்டர் ராபர்ட் கத்ரி. அவருடைய மகன் மூளை வளர்ச்சி குன்றியவன். உறவுக்காரக் குழந்தை ஒன்றுக்கு பி.கே.யூ.! அந்த வேதனையில் பிறந்தது சோதனை. 1963-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் அதைக் கட்டாயம் ஆக்கியது.

ரத்தம் ஊறிய காகிதத்தில் ஒரு பொட்டு வெட்டி, கிருமிகள் உள்ள கூழில் வைப்பார்கள். பொட்டைச் சுற்றிக் கிருமி மண்டினால் நோய் உண்டு. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு சோதனைக்கு ஒரு நோய்தான்.

'டக், டக்' எந்திரம்

இப்போது அந்த வேலைக்கு எந்திரம்! அட்டையின் பார்கோடைப் படித்து, யாருடைய ரத்தம் என்று குறித்துக்கொள்கிறது. சுமார் 3 மில்லிமீட்டர் பொட்டுகளை 'டக், டக்' என்று வெட்டி, 96 குழி உள்ள தட்டில் போடுகிறது. கரைந்து வரும் ரத்தச் சத்துகளை இன்னொரு எந்திரம் எடை போட்டுப் பிரிக்கிறது. 1990-களில் வந்த முறை இது. ஒரே பொட்டு, சுமார் 2 நிமிடம், 30-க்கும் மேற்பட்ட நோய்கள்!

தூங்கிய அட்டைகள்

வேகம் இருந்து என்ன பயன்? 2013-ல் மில்வாக்கி நகரப் பத்திரிகை ஒன்று நாடு முழுவதும் துருவிப் பார்த்தது. குட்டு வெளிப்பட்டது! "நாலு சேரட்டும், அனுப்பிக்கலாம்" என்கிற கதையாகப் பல ஆஸ்பத்திரிகளில் அட்டைகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. சில சோதனைக்கூடங்களுக்கு வார விடுமுறை வேறு!

இந்த நோய்களில் சில, பிறந்த சில நாளிலேயே உயிரைக் குடிப்பவை. விடுமுறை பார்த்து வருவதில்லை. முடிவு வருவதற்குள் இறந்த குழந்தைகள் உண்டு. மூளை கெட்டுப் பிழைத்த குழந்தைகளும் உண்டு.

அதன் பிறகுதான் பல மாநிலங்கள் விழித்துக்கொண்டன. அட்டையை உடனுக்குடன் அனுப்ப ஆள் வந்தது. விடுமுறை நாளிலும் சோதனைக்கூடங்கள் திறந்தன.

எந்திரத்தின் மேல் குற்றம் இல்லை. அட்டை வந்து சேர்ந்தால்தானே அது வாய் திறக்கும்!