சுற்றிய கைகளே சொந்தக்காரர்!

வளர்ச்சி! வளர்ச்சி! காலையில் ஏட்டைப் பிரித்தால் அந்தப் பாட்டு. மாலையில் மேடைப் பக்கம் போனாலும் அதே பாட்டு. நாம் வளர்ச்சிக்குப் பகைவரல்லர். ஆனால் எது வளர்ந்தது, யார் வீட்டில் வளர்ந்தது என்று கேட்காமல் கைதட்ட நமக்குத் தெரியாது. கம்பெனியின் கணக்கு நோட்டில் புள்ளி ஏறுகிறது, சரி. உழைத்தவன் அடுப்பில் உலை ஏறுகிறதா?

கண்ணூர்ப் பீடித் தொழிலாளர் கதை இதற்கு விடை சொல்லும்.

1966-இல் பீடித் தொழிலாளருக்கென்று நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. வேலைக்கு நேரம் வேண்டும், விடுமுறைக்குக் கூலி வேண்டும், உட்கார நல்ல இடம் வேண்டும் என்றது. இவ்வளவுதான்! 1968-இல் கேரள அரசு அதை நடைமுறைக்குக் கொண்டுவர முனைந்ததும், மங்களூர்ப் பக்கத்துப் பெருமுதலாளிகள் கடையைக் கட்டினார்கள். கூலி மலிந்த இடம் தேடித் தொழிலையே தூக்கிச் சென்றார்கள். ஏறத்தாழ 12,000 பேர் நடுத்தெருவில்!

கையேந்தினார்களா? இல்லை. 1969 பிப்ரவரியில் தினேஷ் பீடிக் கூட்டுறவு பிறந்தது. ஒரு பங்கு 20 ரூபாய். வேலையிழந்தவனிடம் ஏது 20 ரூபாய்? ஒரு ரூபாய் அவன் போட்டான். மீதியை அரசு கடனாகக் கொடுத்து, பின்னர் கூலியில் சிறுகச் சிறுகப் பிடித்துக்கொண்டது. தொழில் அமைச்சர் டி. வி. தாமஸ். அவர்கள் செங்கொடிக்காரர்கள், நம் கட்சியினர் அல்லர். அதனால் என்ன, நல்லதை நல்லது என்று சொல்ல நாக்கு கூசுமா?

பீடி சுற்றுபவரே வாக்களித்துச் சங்கத்தின் நிருவாகிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இலையும் தூளும் வாங்குவதும், சரக்கை விற்பதும் மத்திய சங்கத்தின் பொறுப்பு. சேமநிதி வந்தது, போனஸ் வந்தது, சம்பளத்தோடு விடுமுறை வந்தது. உறுப்பினர் தொகை பின்னாளில் 40 ஆயிரத்தையும் தாண்டிற்று.

இன்னொன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்தக் கூடங்களில் ஒருவர் ஏடு படிப்பார். மற்றவர் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். படித்தவருடைய பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றித் தந்து கூலியை ஈடு செய்வார்கள். முதலாளிகள் காலத்திலேயே தொடங்கிய வழக்கம் இது. படிப்பகத்தில் ஒருவர் படிக்க ஊரே கேட்டு வளர்ந்த இயக்கம் நமது. இதன் அருமை நமக்குப் புரியாதா?

பீடி நல்ல பண்டமா என்று கேட்பீர்கள். அல்லவே அல்ல! பிடிப்பவன் நெஞ்சைத் தின்கிறது. சுற்றுபவர் மூச்சிலும் தூள் ஏறுகிறது. புகைப்பவர் குறைந்தால் நாட்டுக்கு நல்லது, சங்கத்துக்குக் கேடு! அதோடு, நியாயக் கூலி கொடுத்தவன் பீடி விலை ஏறிற்று. வீடு வீடாக இலை கொடுத்து அற்பக் கூலிக்குச் சுற்ற வைத்தவன் பீடி மலிவாயிற்று. விற்பனை சரிந்தது.

இங்கேதான் உரைகல். 1968-இல் முதலாளிகள் கதவைச் சாத்தினார்கள். தொழிலாளர் சங்கமோ குடை செய்தது, தேங்காய்ப்பால் எடுத்தது, சட்டை தைத்தது. எல்லோருக்கும் வேலை தர அவற்றால் முடியவில்லை. 40 ஆயிரத்தில் சிறு பங்குதான் மிஞ்சிற்று. அதை மறைத்து மாலை போடுவது நம் பழக்கமல்ல. ஆனால் தொழில் சுருங்கிய காலத்திலும், உழைப்பவரை உதறிவிட்டு ஊர் மாறும் வழியை அவர்கள் தேடவில்லை. புள்ளி ஏறுவதை மட்டும் பார்க்கும் பொருளாதாரப் புலிகளுக்கு இதை எந்தப் பத்தியில் எழுதுவதென்றே தெரியாது!

நெல்லைச் சீமைத் தோழர்களுக்கு ஒரு வேலை வைக்கிறோம். உங்கள் தெருவில் தாய்மார்கள் மடியில் தட்டை வைத்துச் சுற்றுகிறார்களே, அவர்களோடு ஒரு நாள் பீடிக்கடைக்குப் போங்கள். கட்டை எண்ணுபவர் ஒரு பிடியைக் கழிவென்று ஒதுக்குவார். அந்தக் கழிவு எங்கே போகிறது, ஒதுக்கும் உரிமையை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டு வந்து, நமக்கு எழுதுங்கள்.