சூரியப் புயல் அடித்தால் ஐதராபாத்தில் முதலில் நிற்பது தண்ணீர்

2024 மே 10 இரவு லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. துருவப் பகுதிகளுக்கு உரிய ஒளி இமயமலைச் சாரலிலிருந்து தெரிந்தது. இருபது ஆண்டுகளில் பூமியைத் தாக்கிய மிக வலுவான சூரியப் புயல் அது. ஐதராபாத் உப்பல் சாலையில், தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் காந்தப்புல ஆய்வகம் 1964 முதல் கவனித்துவருவது பூமியின் காந்தப்புலத்தில் ஏற்படும் இத்தகைய நடுக்கங்களைத்தான். நம் மின்கட்டமைப்பு அன்று அசையவில்லை. அதற்காகச் சூரியப் புயல் துருவத்தை ஒட்டிய நாடுகளின் கவலை மட்டும் என்று விட்டுவிட முடியாது.

கனடாவின் கியூபெக்கில் நடந்ததை முதலில் பார்த்துவிடலாம். 1989 மார்ச் 13 பின்னிரவு 2.44 மணி. சூரியன் உமிழ்ந்த மின்னேற்றத் துகள் கூட்டம் பூமியின் காந்தப்புலத்தை உலுக்கியது. காந்தப்புலம் வேகமாக மாறினால் தரையில் மின்னழுத்தம் பிறக்கும். கியூபெக்கின் அடியில் கிடப்பது மின்சாரத்தை எளிதில் கடத்தாத பழம்பாறை. தரை வழியே பாய முடியாத மின்னோட்டம், டிரான்ஸ்ஃபார்மர்களின் எர்த் இணைப்பு வழியாக நீண்ட மின்தடங்களுக்குள் ஏறியது. மாறுமின்னோட்டத்துக்காகச் செய்த டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஏறத்தாழ நேர்மின்னோட்டம் நுழைந்தால் அதன் இரும்பு உள்ளகம் திணறும், சூடேறும், வோல்டேஜ் சரியும். பாதுகாப்புக் கருவிகள் ஒவ்வொன்றாகத் துண்டித்துக்கொள்ள, சுமார் 90 விநாடிகளில் கட்டமைப்பு முழுதும் விழுந்தது. 60 லட்சம் பேருக்கு 9 மணி நேரம் கரண்ட் இல்லை.

இது நடக்க நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளக் கம்பி வேண்டும். அதனால் உங்கள் கைபேசியும் ஃபிரிட்ஜும் புயலால் கருகாது. 'இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை போனை அணைத்துவிடுங்கள்' என்று சுற்றும் வாட்ஸ்அப் செய்தியை நிம்மதியாக அழித்துவிடலாம்.

ஐதராபாத் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், துருவத்தை ஒட்டிய நாடுகள் படும் அடி இங்கே விழாது. ஆனால் ஊர் உட்கார்ந்திருப்பது கருங்கல்லின் மேல். அதுவும் மின்சாரத்தை எளிதில் கடத்தாத பழம்பாறைதான். 1859-ல் வரலாற்றின் மிகப் பெரிய சூரியப் புயல் அடித்தபோது பம்பாய் கொலாபா ஆய்வகத்தின் கருவியிலேயே காந்தப்புலம் சுமார் 1600 நானோடெஸ்லா சரிந்தது. வெப்பமண்டலம் என்பதே முழுக் காப்பு அல்ல.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. 2012 ஜூலை 31 அன்று வடக்கு, கிழக்கு, வடகிழக்குக் கட்டமைப்புகள் விழுந்து 60 கோடிக்கும் மேற்பட்டோர் கரண்ட் இழந்தபோது தெற்கு விழவில்லை. அன்று தெற்கு தனிக் கட்டமைப்பாக இருந்தது. மற்ற கட்டமைப்புகளோடு இணைத்தவை நேர்மின்னோட்ட இணைப்புகள் மட்டுமே. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் அந்தப் பிரிவைத் தீர்த்தது. இன்று நாடு முழுதும் ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் ஒரே கட்டமைப்பு. பற்றாக்குறையில் கைகொடுக்கிறது, நல்லதே. ஆனால் வேறெங்கோ தொடங்கும் சரிவு இங்கே வரவும் அதே தடம்தான் வழி.

விழுந்ததைத் தூக்கி நிறுத்தவும் நேரம் பிடிக்கும். ராமகுண்டம் போன்ற அனல் நிலையம் தன் விசிறிகளையும் பம்புகளையும் ஓட்டவே வெளி மின்சாரம் கேட்கும். எனவே நீர்மின் நிலையங்கள்தான் முதலில் எழுந்து மற்றவற்றை எழுப்ப வேண்டும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கெட்டிருந்தால் கதை வேறு. அது கடையில் கிடைக்கும் பொருள் அல்ல. செய்து வாங்க ஓராண்டுக்கும் மேல் ஆகலாம்.

முன்னறிவிப்பு இருக்கிறது. துகள் கூட்டம் பூமியை அடைய பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், சூரியனைக் கவனிக்கும் ஆதித்யா எல்-1 விண்கலம் 2024 ஜனவரி முதல் காவல் நிற்கிறது. 2024 மே மாதப் புயலின்போது நியூஸிலாந்து மின்தொடரமைப்பு நிறுவனம் சில தடங்களை முன்கூட்டியே அணைத்துத் தன் கருவிகளைக் காத்துக்கொண்டது. பொறியாளர்கள் செய்ய வேண்டியது இதுதான்.

வீட்டுக்கு வருவோம். கரண்ட் போனால் இருட்டைத்தான் நினைக்கிறோம். ஐதராபாத்தில் நினைக்க வேண்டியது குழாயை. கிருஷ்ணா ஆற்றின் நாகார்ஜுனசாகர் அணை நிரம்பினால் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 180 மீட்டர். நகரமோ 500 மீட்டருக்கு மேல். கிருஷ்ணா நீரை 300 மீட்டருக்கும் மேல் படிப்படியாகப் பம்ப் செய்து ஏற்றுகிறார்கள். எல்லம்பள்ளியிலிருந்து வரும் கோதாவரி நீர் அதைவிடத் தாழ்விலிருந்து கிளம்புகிறது. மோட்டார் நின்றால் நகரின் பெரும்பங்குத் தண்ணீர் நிற்கும். 1908 மூசி வெள்ளத்துக்குப் பின் நிஜாம் காலத்தில் கட்டிய உஸ்மான் சாகர் (1920), ஹிமாயத் சாகர் (1927) இரண்டிலிருந்தும் நீர் மேட்டிலிருந்து தானே இறங்கி வரும். இன்றைய தேவையில் அவற்றின் பங்கு சிறியது. அவற்றின் நீர்ப்பிடிப்பில் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்த 1996-ல் வந்த அரசாணை 111-ன் தடைகளை 2022-ல் அரசு நீக்கியது தவறு என்பேன். மின்சாரம் கேட்காத குடிநீரை யாராவது பணயம் வைப்பார்களா?

2018-ல் கஜா புயலால் கரண்ட் போனபின் காவிரி டெல்டா மக்கள் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மேல்தொட்டி நிரப்பியது நினைவிருக்கும். ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்க, சமைக்க நான்கைந்து லிட்டர் என்று ஒரு வாரத்துக்கு மூடிய கேன்களில் வைத்துக்கொள்ளுங்கள். யுபிஐ நம்பிக்கையில் வெறுங்கையாக இராமல் சில்லறை நோட்டு, பேட்டரி ரேடியோ, ஒரு மாத மருந்து இருக்கட்டும். இன்சுலினுக்கு ஈர மணல் போட்ட மண்பானை உதவும். மொட்டைமாடி சோலாரை நம்பியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பேட்டரி இல்லாத சாதாரண இணைப்பு, லைன்மேனின் உயிர் காக்க, வெளியே கரண்ட் நின்றதும் தானும் நின்றுவிடும்.

அடுக்ககத்தில் இருப்பவர்கள் அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: ஜெனரேட்டரில் போர்வெல் மோட்டார் இணைந்திருக்கிறதா, இருக்கும் டீசல் எத்தனை மணி நேரத்துக்கு வரும்? பதில் தெரியவில்லை என்றால் லிஃப்டையும் வாசல் விளக்கையும் பிறகு பேசிக்கொள்ளலாம்.