கலா (இசைத்தொகுப்பு)

கலா என்பது எம்.ஐ.ஏ. என்னும் மேடைப்பெயரால் அறியப்படும் பிரித்தானியத் தமிழ்ப் பாடகி மாயா (மாதங்கி) அருள்பிரகாசத்தின் இரண்டாவது இசைத்தொகுப்பு ஆகும். இது ஆகஸ்ட் 2007 இல் வெளியானது. முதல் தொகுப்பான அருளர் (2005) தந்தையின் இயக்கப் பெயரைக் கொண்டது. இது தாயின் பெயரைக் கொண்டது. இதைப் பற்றிய கேட்போரின் கருத்துகள், அவரவர் எங்கிருந்து கேட்டனர் என்பதைப் பொறுத்துப் பெரிதும் வேறுபட்டன.

உருவாக்கம்

அமெரிக்க நுழைவிசைவு கிடைப்பதில் ஏற்பட்ட தடையால் தொகுப்பின் பெரும்பகுதி அந்நாட்டிற்கு வெளியே, இந்தியா, டிரினிடாட், ஆஸ்திரேலியா முதலிய இடங்களில் உருவானது. சுவிட்ச் என்னும் இசைத் தயாரிப்பாளர் முதன்மையாக உடன் பணியாற்றினார். "பேர்ட் ஃப்ளூ", "பாய்ஸ்" ஆகிய பாடல்களில் உருமி மேளம் ஒலிக்கிறது. உருமி இடை ஒடுங்கிய இருமுகத் தோற்கருவி. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது உறுமல் போன்ற ஓசை எழும். "பாம்பூ பாங்கா" பாடலில், இளையராஜா இசையமைத்த தளபதி (1991) திரைப்படத்தின் "காட்டுக்குயிலு" பாடலின் பகுதி எடுத்தாளப்பட்டுள்ளது. "ஜிம்மி" என்பது டிஸ்கோ டான்சர் (1982) என்ற இந்தித் திரைப்படப் பாடலின் மறுவாக்கம்.

கேட்போர் கருத்துகள்

மேலைநாட்டு விமர்சகர்களில் பெரும்பாலோர் தொகுப்பைப் பாராட்டினர். ரோலிங் ஸ்டோன் இதழ் இதனை 2007 ஆம் ஆண்டின் சிறந்த தொகுப்பாகத் தேர்ந்தது. ஆயினும் பிரித்தானிய விற்பனை வரிசையில் இது 39 ஆம் இடத்திற்கு மேல் செல்லவில்லை. ஓசை நெருக்கமும் இரைச்சலும் மிகுதி என்பது குறை கூறியோரின் வாதம்.

அவர்கள் புதுமை எனக் கண்டது தமிழருக்குப் பழக்கமானதே. திருத்துறைப்பூண்டி போன்ற காவிரிப் படுகை ஊர்களில் தவிலும் பறையும் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, தோற்கருவிகள் பாடலை முன்னின்று நடத்துவது வியப்பளிக்காது. இரைச்சல் என்ற குறையும் அவருக்குப் பொருந்தாது. திருவிழாவில் மேளம் அடங்கி ஒலிப்பதில்லை. அவருக்குப் புதிதாக இருப்பது, அந்த ஒலி இலண்டன் ஆங்கிலப் பேச்சுநடையுடன் சேர்ந்து வருவதே.

"பேப்பர் பிளேன்ஸ்"

மிகுந்த விவாதத்திற்கு உள்ளான பாடல் இதுவாகும். தி கிளாஷ் என்னும் பிரித்தானிய இசைக்குழுவின் 1982 ஆம் ஆண்டுப் பாடலொன்றின் இசைத்துணுக்கு இதற்கு அடித்தளம். பல்லவியில் துப்பாக்கி வெடிக்கும் ஓசையும் கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும் வருகின்றன. வன்முறையைப் போற்றும் பாடல் என்று சிலர் இதனைக் கண்டித்தனர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் துப்பாக்கி ஓசை மாற்றப்பட்டே ஒலிபரப்பானது. குடியேறிகளைக் குற்றவாளிகளாகவே பார்க்கும் மனப்போக்கை எள்ளும் பாடல் இது என்பது மறுதரப்பு. நுழைவிசைவுத் தடையை நினைவிற்கொண்டு கேட்டால் இரண்டாவது பொருளே பொருத்தமாகப் படுகிறது.

ஈழப் போரின் இறுதிக் காலத்தில் இவ்விவாதம் அரசியலாகவும் மாறியது. பாடகி புலிகளை ஆதரிப்பதாக இலங்கையர் சிலர் குற்றஞ்சாட்டினர். பயங்கரவாதத்தைத் தாம் ஆதரிக்கவில்லை என்று அவர் மறுத்தார். இதற்கிடையே, 2008 இல் ஒரு ஆங்கிலத் திரைப்படத்தின் முன்னோட்டத்தில் இடம்பெற்றதைத் தொடர்ந்து, பாடல் அமெரிக்க விற்பனை வரிசையில் 4 ஆம் இடத்தை எட்டியது. அதே ஆண்டு ஸ்லம்டாக் மில்லியனர் திரைப்படத்திலும் இது பயன்படுத்தப்பட்டது. அப்படத்திற்காக ஏ. ஆர். ரகுமானுடன் அவர் இணைந்து உருவாக்கிய "ஓ... சாயா" ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.