இருபுறமும் வெளிச்சம்

பே ஏரியாவில் மென்பொருள் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களிடம் ‘டிசைன் பேட்டர்ன்’ (அடிக்கடி வரும் ஒரு சிக்கலுக்கான பொதுத் தீர்வு) பற்றிக் கேட்பதுண்டு. நம் பிள்ளைகளும் அதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அந்தக் கருத்து கணினிக்காகப் பிறந்ததல்ல. பக்கத்திலிருக்கும் பெர்க்கிலியில், ஏழைகள் வந்து உதவி கேட்கும் ஒரு சேவை மையத்தை எப்படிக் கட்டுவது என்று யோசித்த கட்டடக் கலைஞர்கள் அதை வளர்த்தெடுத்தார்கள்.

வரலாற்றைச் சுருக்கிவிடலாம். 1936இல் வியன்னாவில் பிறந்த கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் கேம்பிரிட்ஜில் கணிதமும் கட்டடக் கலையும் படித்தவர். 1964இல் வெளிவந்த ஒரு நூலில் ஓர் இந்தியக் கிராமத்தின் 141 தேவைகளைப் பட்டியலிட்டு அலசினார். 1968இல் சாரா இஷிகாவா, முர்ரே சில்வர்ஸ்டைன் இருவரோடு சேர்ந்து, அக்கம்பக்கத்துச் சேவை மையங்களுக்கான 64 பேட்டர்ன்களை வெளியிட்டார். நியூயார்க்கின் ஹண்ட்ஸ் பாயிண்ட் பகுதி அதில் முக்கிய உதாரணம். 1977இல் அது 253 பேட்டர்ன்கள் கொண்ட பெரிய நூலாக வளர்ந்தது. 1987இல் கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்ஹாமும் அந்த யோசனையை மென்பொருளுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த 253இல் 159ஆவதைப் பாருங்கள். ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பக்கத்திலிருந்து இயற்கை வெளிச்சம் வரவேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஒரு கட்டடத்தின் உருவத்தையே இது தீர்மானித்துவிடுகிறது.

ஒரே சுவரில் ஜன்னல் உள்ள அறையில் அதிகாரி ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பின்னால் தெரியும் வானம், ஜன்னலை ஒட்டிய சுவரைவிட நூறு மடங்குகூடப் பிரகாசமாக இருக்கலாம். கண் அந்தப் பிரகாசத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள, அவருடைய முகம் இருண்டுபோகிறது. அவர் சலித்துக்கொள்கிறாரா, புன்னகைக்கிறாரா? எதிரே விண்ணப்பத்தோடு இருப்பவருக்குத் தெரியாது. எதிர்ப்புறமோ பக்கவாட்டிலோ இன்னொரு ஜன்னல் இருந்தால் நிழல் விழுந்த கன்னத்துக்கும் வெளிச்சம் கிடைக்கும். உதட்டின் சிறு அசைவும் கண்ணில் படும். ஒருவர் தன் கஷ்டத்தை இன்னொருவரிடம் சொல்ல வருகிற கட்டடத்தில் இதைவிட அவசியமானது என்ன இருக்கிறது?

இனி அளவுகளுக்கு வருவோம். பகல் வெளிச்சம் ஜன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்தான் அறைக்குள் பயன்படும்படி வரும் என்பது கட்டடக்காரர்களின் தோராயக் கணக்கு. ஏழடி உயரம் என்றால் 14 முதல் பதினேழரை அடி. ஆகவே 50 அடிக்கு 50 அடி சதுரக் கட்டடத்தில் நாலு பக்கமும் ஜன்னல் வைத்தாலும் நடுவே சுமார் 20 அடிச் சதுரம் இருட்டு. பெரும்பாலும் காத்திருப்போர் நாற்காலிகளைப் போடுவது அங்கேதான். அலெக்சாண்டர் குழுவின் விடை, கட்டடத்தை 25 அடிக்கு மேல் அகலமில்லாத சிறகுகளாகப் பிரிப்பது. அது 107ஆவது பேட்டர்ன்.

எண்களின் வரிசைக்கும் காரணம் உண்டு: பெரியது முதலில், சிறியது பிறகு. தாளிப்பதைப் போல. எண்ணெய் காய்ந்தபின் கடுகு, அது வெடித்தபின் உளுத்தம்பருப்பு, அது சிவந்தபின் கறிவேப்பிலை. தண்ணீரை ஊற்றிவிட்டுக் கடுகைப் போட்டால் அது வெடிக்காது. மேலே எவ்வளவு பெருங்காயம் தூவினாலும் தாளித்த வாசனை வராது. தடித்த கட்டடத்தை எழுப்பிவிட்டுப் பிறகு ஜன்னல் தேடுவதும், கிடைக்காமல் டியூப்லைட்டைக் கூட்டுவதும் இந்தக் கதைதான்.

இருபுற வெளிச்சம் நமக்குப் புதிதல்ல. நம் முற்றம் வைத்த வீடுகளில் ஓர் அறைக்குத் தெருப்பக்கம் ஜன்னலும் உள்பக்கம் முற்றமும் வெளிச்சம் தந்தன. யாரும் அதற்கு எண் போடவில்லை.

அதற்காக அந்த 253 பேட்டர்ன் நூலை வேதமாக்கவும் வேண்டாம். பல பேட்டர்ன்களுக்கு அளவீட்டுச் சான்று மிகக் குறைவு. ஆசிரியர்களே தங்கள் நம்பிக்கையின் அளவைக் காட்ட இரண்டு நட்சத்திரம், ஒரு நட்சத்திரம், நட்சத்திரமே இல்லை என்று பிரித்து வைத்தார்கள், 159க்கு இரண்டு. கட்டடத்தைச் சிறகுகளாகப் பிரிப்பதற்கு விலையும் உண்டு. 50க்கு 50 சதுரத்தின் சுற்றளவு 200 அடி; அதே பரப்புள்ள 25க்கு 100 சிறகின் சுற்றளவு 250 அடி. கால் பங்கு கூடுதல் வெளிச்சுவர். நியூஜெர்சி குளிரில் அந்தச் சுவர் வழியே வெப்பம் வெளியேறும். டெக்சாஸில் மேற்கு ஜன்னல் மாலையில் அடுப்பாகும். அங்கே நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க வேண்டும். நொடியில் நூறு வரைபடம் தருவதாக விளம்பரம் செய்யும் இன்றைய மென்பொருள்களிடமும் இதைத்தான் கேட்க வேண்டும்: அந்த நூறில் எத்தனை, காத்திருப்பவரின் முகத்தில் வெளிச்சம் விழுமா என்று பார்த்து வரையப்பட்டவை?

தமிழ்ப் பள்ளிக்கோ சமூக மையத்துக்கோ நிதி திரட்டி, பழைய கிடங்கையோ அலுவலகத்தையோ வாங்க நினைப்பவர்கள் மேடை, ஒலிபெருக்கி, வாகன நிறுத்தம் பற்றிப் பேசுவதற்கு முன் அளவு நாடாவை எடுங்கள். அகலம் 25 அடியைத் தாண்டினால், கூரை வழியாகவோ நடுவே ஒரு முற்றம் திறந்தோ வெளிச்சம் கொண்டுவர முடியுமா என்று கட்டடக் கலைஞரிடம் கேளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள்.